சிம்லா: குதிரை சவாரிய விடுங்க, சித்துவும் சம்பா ருமாலும் பாத்துட்டு வாங்க

டில்லில நம்ம ஆளுங்ககிட்ட சிம்லா போறோம்னு சொன்னா எல்லாரும் ஒரே லிஸ்ட் தான் குடுப்பாங்க, மால் ரோடு, குஃப்ரி குதிரை, ஜாக்கூ கோயில், ஒரு பிளேட் மோமோ. நானும் ரெண்டு தடவ அப்படியே போயிட்டு வந்துட்டேன். இந்த தடவ அம்மாவும் கூட வந்தாங்க, அவங்களுக்கு முட்டி வலி, குதிரை எல்லாம் முடியாது, சரின்னு ஒரு முழு நாள சாப்பாட்டுக்கும் மியூசியத்துக்கும் வச்சுக்கிட்டோம். இவ்ளோ நாள் எதை விட்டுட்டோம்னு அன்னிக்கு தான் புரிஞ்சுது, மயூர் விஹார்ல நம்ம பிளாக்ல இருந்து அடுத்து யார் போனாலும் இதை படிச்சிட்டு போகணும்னு தான் எழுதுறேன்.

கால்காவுல இருந்து டாய் ட்ரெயின்ல தான் போனோம். 96 கிலோமீட்டர், 1903ல ஓட ஆரம்பிச்சது, நம்ம ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் எல்லாம் கிடையாது, மலைய சுத்தி சுத்தி வளைஞ்சே மேல ஏறிடுது. கார்ல போனா சீக்கிரம் போயிடலாம் தான், ஆனா வயசானவங்க கூட வந்தா ட்ரெயின் தான் நல்லது, வாந்தி தலைசுத்தல் எதுவும் இல்லாம அம்மா ஜன்னலோரமா உக்காந்துக்கிட்டு சுரங்கத்த எண்ணிக்கிட்டே வந்தாங்க. பரோக் ஸ்டேஷன்ல நிக்கும், அங்க கட்லெட்டும் டீயும் வாங்கிக்கோங்க.

போன அன்னிக்கே ஒரு தப்பு பண்ணோம். மால் ரோட்டுல ஒரு ஹோட்டல்ல, பேர் வேண்டாம், சவுத் இந்தியன்னு போர்டு பாத்து உள்ள போயிட்டோம். தோசை ஆறிப்போய் வந்துச்சு, சாம்பார் இனிச்சுது, அம்மா பாதிலயே கைய கழுவிட்டாங்க. மலை ஊருக்கு போயி தோசை தேடினது எங்க தப்பு தான். நீங்க பண்ணாதீங்க.

மறுநாள் படி இறங்கி மிடில் பஜார்ல இருக்குற ஹிமாச்சலி ரசோய் போனோம். முதல்ல சித்து சொன்னோம். கோதுமை மாவ ஈஸ்ட் போட்டு பொங்க விட்டு, உள்ள வால்நட், கசகசா மாதிரி அரைச்சு வச்சு, ஆவில வேக வச்சு, சுட சுட நெய் ஊத்தி பச்சை சட்னியோட குடுக்குறாங்க. அம்மா ஒரு வாய் வச்சிட்டு, "ஏன்டி, இது நம்ம உளுந்து கொழுக்கட்டை தான்டி, மாவு மட்டும் தான் வேற"ன்னாங்க. நிஜமாவே அந்த கார பூரணம் ஞாபகம் தான் வந்துச்சு, ஆனா அந்த குளிர்ல நெய் வாசனையோட சாப்பிடுறது வேற சுகம். நெய் உறையறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க.

அப்புறம் தாம் சாப்பாடு. தாம்னா அங்க கல்யாணம், கோயில் விசேஷத்துக்கு போடுற பந்தி சாப்பாடு, போட்டின்னு பரம்பரையா சமைக்குற பிராமண சமையல்காரங்க பித்தளை பாத்திரத்துல விறகடுப்புல சமைச்சு, தரைல வரிசையா உக்கார வச்சு இலைல பரிமாறுவாங்க, வெங்காயம் பூண்டு கிடையாது. கேக்க கேக்க நம்ம ஊர் கல்யாண பந்தி மாதிரியே இல்ல? தட்டுல வந்ததுல எனக்கு ரொம்ப பிடிச்சது மத்ரா, கொண்டைக்கடலைய தயிர்ல ரொம்ப நேரம் கொதிக்க விட்டு செய்றது, மோர்க்குழம்ப விட கெட்டி, பட்டை கிராம்பு மணம், தயிர் திரியவே இல்ல. அம்மாவுக்கு கட்டா, புளிப்பும் வெல்லமும் கலந்த குழம்பு, ரெண்டு தடவ வாங்கிக்கிட்டாங்க. கடைசில இனிப்பு சாதம்.

சாப்பிட்ட கையோட ஸ்டேட் மியூசியம். 1974ல ஆரம்பிச்சது, சௌரா மைதான் பக்கம் ஒரு மேட்டு மேல இருக்கு. கடைசி ஏத்தம் கொஞ்சம் மூச்சு வாங்கும், முட்டி வலி இருந்தா டாக்ஸி புடிச்சிடுங்க. பஹாடி ஓவியங்க, அதாவது மலை ராஜ்ஜியங்கள்ல வரைஞ்ச சின்ன சைஸ் ஓவியங்க, இருக்குற இடத்துக்கு நேரா போங்க. காங்ரா, குலேர், சம்பா, பசோலி இதெல்லாம் அப்போ குட்டி குட்டி மலை ராஜ்ஜியம், ஓவியத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு தனி பாணி. அணில் முடி பிரஷ்ல வரைஞ்சது, கிட்ட போயி பாத்தா தான் ராதை தாவணில இருக்குற கோடு கூட தெரியும். பசோலி ஓவியத்துல மரகதம் மின்னணும்னா வண்டோட றெக்கைய வெட்டி ஒட்டுவாங்களாம், அத கேட்டதுல இருந்து ஒவ்வொரு நகையையும் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஆனா அம்மா நின்னுட்டது சம்பா ருமால் முன்னாடி. கல்யாணத்துல சீர் தட்டு மேல மூடுற துணி அது. ஓவியர் கரில கோடு போட்டு குடுப்பாரு, பொண்ணுங்க முறுக்காத பட்டு நூல்ல தச்சு நிரப்புவாங்க, கிருஷ்ணன் கோபியர் ராஸ மண்டலம் எல்லாம் ஊசிலயே வரும், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஒண்ணு போல இருக்கும், எங்கயும் முடிச்சு தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி எம்பிராய்டரி கத்துக்கிட்டவங்க எங்கம்மா, நம்ம வீட்ல சீர் தட்டு மேல ஜிகினா பேப்பர் தானேடி சுத்துறோம்னு சொல்லிட்டு அரை மணி நேரம் அங்கயே நின்னாங்க. இந்த கலை மங்கிப்போய் கிடந்தப்போ திரும்ப உயிர் குடுத்ததுல டில்லி கிராஃப்ட்ஸ் கவுன்சிலுக்கு பெரிய பங்கு இருக்கு, நம்ம ஊர் அமைப்பு, எனக்கு அது ரொம்ப சந்தோஷம். 2022ல லலிதா வகீல்னு சம்பாக்காரங்க ஒருத்தங்களுக்கு இதுக்காகவே பத்மஸ்ரீ குடுத்தாங்க.

நேரம் இருந்தா அங்கிருந்து வைஸ்ரீகல் லாட்ஜும் போங்க, பிரிட்டிஷ் காலத்துல வைஸ்ராய் தங்கின மாளிகை. 1888ல ஹென்றி இர்வின் கட்டினது, சென்னை ஹைகோர்ட்டுலயும் மைசூர் அரண்மனைலயும் வேலை செஞ்சவரு தான். ஜனாதிபதியா இருந்தப்போ நம்ம திருத்தணி ராதாகிருஷ்ணன் தான் அத ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விட்டுக்குடுத்தாரு. எங்களுக்கு வெளில இருந்து பாக்க தான் நேரம் இருந்துச்சு.

சாயங்காலம் மால் ரோடு இந்தியன் காபி ஹவுஸ்ல ஒரு காபி, விசிறி தலைப்பா கட்டின சர்வர், பழைய மேஜை. கரோல் பாக் ஃபில்டர் காபிய எதிர்பாக்காதீங்க, அந்த இடத்துல உக்காந்துக்கிட்டு இருக்கறதுக்காகவே போகலாம்.

ஒரு விஷயம், திங்கக்கிழமை மியூசியம் லீவு. சனி ஞாயிறோட ஒரு நாள் சேத்து போறவங்க ஞாயித்துக்கிழமையே அத முடிச்சிடுங்க.