கூலண்ட் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க: பிரஷர் டெஸ்டரா, சாயமா?

என் பெட்ரோல் காருக்கு 17 வயது. இந்தக் கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை ரிசர்வ் டேங்கில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விடும். ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு இருக்காது. ஏசி தண்ணீரைக் கூலண்ட் என்று நினைத்து இரண்டு நாள் ஏமாந்ததுதான் மிச்சம். விரலில் தொட்டால் வெறும் தண்ணீர். கூலண்ட் என்றால் வழவழப்பாக இருக்கும், லேசான இனிப்பு வாடை அடிக்கும்.

மெக்கானிக் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு பாட்டில் லீக் அடைக்கிற மருந்து ஊத்திடுவோம், தானா நின்னுடும்" என்றார். நண்பர் ஒருவர் புற ஊதா சாயம் வாங்கச் சொன்னார். நான் வாங்கியது கைப்பம்பு வைத்த பிரஷர் டெஸ்டர்.

அடைக்கிற மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. கூலண்ட் ஓடும் ஹீட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய்ப் படியும். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஏற்கெனவே உப்பு படிந்த ரேடியேட்டர் என்றால் இன்னும் மோசம். நடுவழியில் நின்றுபோய் வீடு சேர வேண்டும் என்றால் ஊற்றலாம், மற்றபடி வேண்டாம்.

சாயம் நல்ல வழிதான். கூலண்டில் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் ஒழுகிய தடம் பளிச்சென்று ஒளிரும். ஓடும்போது மட்டும் கசியும் ஒழுக்குக்கு இது ரொம்பப் பொருத்தம். பச்சைக் கூலண்ட் பலவற்றில் ஒளிரும் சாயம் முன்பே இருக்கும், அதனால் சாயம் வாங்கும் முன் டார்ச்சை மட்டும் அடித்துப் பார்த்துவிடுங்கள். இதில் எனக்குள்ள தயக்கம், ஃபேன் காற்று சாயத்தை நாலா பக்கமும் தெளித்துவிடும் என்பது. எங்கே பார்த்தாலும் ஒளிரும், தொடங்கிய இடம் தெரியாது. நண்பரின் காரில் ஒரே ஒரு முறைதான் இதைப் பார்த்திருக்கிறேன், ஆகவே இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நான் டெஸ்டர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: சூடு. இன்ஜின் ஓடும்போது கூலண்ட் சுமார் 90 டிகிரியில் இருக்கும். சிறிய ஒழுக்கு என்றால் வெளியே வந்ததும் சூடான இரும்பிலேயே ஆவியாகிவிடும், தரைக்கு வரவே வராது. இன்ஜினை அணைத்து ஆறவிட்டால் அழுத்தம் போய்விடும், ஒழுக்கும் நின்றுவிடும். சூடாக இருந்தால் காய்ந்துவிடுகிறது, ஆறினால் ஒழுகுவதில்லை, அப்புறம் எப்படிக் கண்ணில் படும்? டெஸ்டர் ஆறிய இன்ஜினுக்கு அழுத்தத்தை மட்டும் கொடுக்கிறது. வரும் சொட்டு ஆவியாகாமல் அங்கேயே நிற்கும்.

விடியற்காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் டெஸ்டரை மாட்டினேன். (சூட்டில் மூடியைத் தொடவே கூடாது.) மூடியில் அது தாங்கும் அழுத்தம் 0.9 என்று பார் கணக்கில் பொறித்திருந்தது, அதாவது சுமார் 13 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் ஒரு அடிகூட பம்ப் அடிக்கக் கூடாது. ரேடியேட்டரின் பழைய பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டுவிடும். 13 வரை அடித்து நிறுத்தினேன், 10 நிமிடத்தில் முள் 11-க்கு இறங்கியது. ஹோஸ்களைத் தடவினேன், வாட்டர் பம்பின் கசிவுத் துளையைப் பார்த்தேன், எல்லாம் காய்ந்திருந்தது. கடைசியில் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தெர்மோஸ்டாட் கூட்டுக்குப் பின்னால் நீட்டி டார்ச் அடித்தேன். விரல் நீளக் குட்டி ஹோஸ் ஒன்று, கிளாம்ப் அழுத்தி அழுத்தி ரப்பரில் வெட்டு விழுந்திருந்தது. அந்த விளிம்பில் ஒரு பச்சைச் சொட்டு மெல்லப் பெருத்து, விழாமல், பிளாக்கை ஒட்டி வழிந்தது. வழிந்த தடம் முழுக்க வெளிறிய உப்புப் பொருக்கு. எத்தனை மாதமாக அங்கேயே காய்ந்துகொண்டிருந்ததோ!

ஹோஸும் கிளாம்பும் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்தது.

டெஸ்டருக்கும் எல்லை உண்டு. உலோகம் சூடாகி விரிந்தால் மட்டுமே திறக்கும் கசிவை ஆறிய இன்ஜினில் காட்டாது, அங்கே சாயம்தான் கைகொடுக்கும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் முன்சீட்டுக் காலடிக் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள், ஹீட்டர் ஒழுகலாம். அதுவும் காய்ந்திருந்தால் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) மேல் சந்தேகம் வர வேண்டும். அந்த நிலையில் நல்ல மெக்கானிக்கிடம் போய்விடுவேன், நானாக அதைக் கழற்றியதில்லை. வாங்கும்போது உங்கள் ரேடியேட்டர் வாய்க்கு ஏற்ற அடாப்டர் செட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது ஹோஸ் மாட்டிய பிறகு மறுபடி 13 வரை பம்ப் அடித்தேன். 20 நிமிடம் கழித்தும் முள் அசையவில்லை.