கல்லீரல் கட்டிக்கு சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

கடலூரில் அக்காவுக்குப் பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தபோது, கல்லீரலில் நாலு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி தெரிந்தது. புதுச்சேரி டாக்டர், "கெட்ட கட்டி மாதிரி இல்லை, ஆனாலும் சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்து உறுதி பண்ணிடலாம்" என்றார். நாங்கள் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சி.டி.யில் செலவு குறைவு, சில நிமிடத்தில் முடியும். ஹெமாஞ்சியோமா என்ற ரத்தநாளக் கட்டி என்றால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். கதிர்வீச்சு உண்டு, திரும்பத் திரும்ப எடுக்க நேர்ந்தால் அதை யோசிக்க வேண்டும்.

அக்கா பல வருஷமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தவர். அதனால் இது எஃப்.என்.எச். (கல்லீரல் செல்களே ஓரிடத்தில் அதிகமாகப் பெருகிய திரட்சி) கட்டியா, அந்த மாத்திரையோடு தொடர்புள்ள அடினோமா என்ற கட்டியா என்பதுதான் கேள்வி. இரண்டும் புற்றுநோய் இல்லை. எஃப்.என்.எச். என்றால் பொதுவாக அப்படியே விட்டுவிடலாம். அடினோமா என்றால் மாத்திரையை நிறுத்தணும்; 5 செ.மீ.க்கு மேல் போனால் ரத்தம் கசியும் அபாயம் கூடும், ஆபரேஷன் பேச்சும் வரும். சி.டி.யில் இரண்டும் ஒரே மாதிரி தெரியக்கூடும். எம்.ஆர்.ஐ.யில் கல்லீரல் செல்களே உறிஞ்சிக்கொள்ளும் காடாக்ஸெடேட் மருந்தை ஏற்றி, சுமார் 20 நிமிடம் கழித்து மறுபடி படம் எடுக்கிறார்கள். எஃப்.என்.எச்.சில் வேலை செய்யும் கல்லீரல் செல்கள் உண்டு. மருந்து தங்கி வெளிச்சமாகத் தெரியும். அடினோமா பெரும்பாலும் கறுத்து நிற்கும். சில அடினோமாக்கள் மருந்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு, அப்போது பயாப்ஸி (ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது) தேவைப்படலாம். அக்காவின் கட்டி வெளிச்சமாகவே தெரிந்தது. எஃப்.என்.எச்.தான், பயாப்ஸி வேண்டாம் என்றுவிட்டார்கள்.

உள்ளே போகுமுன் தாலிக்கொடி, மெட்டி, புடவை ஊக்கு எல்லாம் கழற்றணும். அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு போனார். படத்துக்குப் படம் மூச்சைப் பிடிக்கணும். அசைந்தால் படம் கலங்கிவிடும். வீட்டிலேயே பழகிவிட்டுப் போனது உதவியது. அவருக்கு அடைசலான இடத்தில் பயமில்லை. அந்தப் பயம் உள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ. இவ்வளவு சுலபமாக இருக்காது.

பேஸ்மேக்கர் இருந்தாலோ கிட்னி பாதித்திருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புக் பண்ணும்போது எந்த மருந்து ஏற்றுவார்கள் என்றும் கேளுங்கள். சாதாரண கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாக ஏற்றும் மருந்து) போட்டால் அந்த 20 நிமிடப் படம் கிடைக்காது.