செம்மண் ஒன்று, பாதை நான்கு: புதுச்சேரியை ஒட்டிய கட்டடக் கலைஞர்கள் – ஓர் ஒப்பீடு

கட்டடக்கலை படித்து முடித்த புதுச்சேரி, கடலூர்ப் பிள்ளைகளில் பலர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஏதாவது ஒரு பெரிய அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதே காலத்தில், உலகக் கட்டடக்கலை வட்டாரத்தில் பெயர் சொல்லப்படும் சிலர் எதிர்த்திசையில் வந்து, புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில் என்ற பன்னாட்டு நகரம் எழுந்த செம்மண் மேட்டையே தங்கள் பட்டறையாக்கிக்கொண்டார்கள். அவர்களில் ரோஜே ஆஞ்ஜே, ரே மீக்கர், அனுபமா குண்டூ, சத்பிரேம் மைனி ஆகிய நால்வரின் தொழில்வாழ்வை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். விருதுகளை நான் இரண்டாம் இடத்தில்தான் வைக்கிறேன். ஒரு கட்டடக் கலைஞர் ஊரில் இல்லாதபோதும் அவர் கற்றுக்கொடுத்ததை வைத்து ஒரு கொத்தனார் அடுத்த வீட்டைக் கட்ட முடியுமா என்பதே என் முதல் அளவுகோல்.

இந்த அளவுகோலில் முதலில் பின்தங்குபவர் ரோஜே ஆஞ்ஜே. 1923இல் பிறந்த அவர் பிரான்சில் அடுக்குமாடிக் கட்டடங்களால் புகழ்பெற்றவர். கிரெனோபிள் நகரின் 28 மாடி மூன்று கோபுரங்கள் அவருடையவை. ஆரோவில்லின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்று, சுழல்வடிவ நகரத்திட்டத்தையும் அதன் நடுவிலுள்ள மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்தையும் வடிவமைத்தார். 1971இல் தொடங்கிய மாத்ரிமந்திர்ப் பணி 2008இல் நிறைவடைந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார். ஒரே கட்டடத்துக்காக ஏறத்தாழ நாற்பது ஆண்டு காத்திருப்பது பெரிய தவம்தான். ஆனால் அதைப் பார்த்து யாரும் இன்னொன்று கட்டப்போவதில்லை, கட்டவேண்டிய தேவையும் இல்லை. மற்ற பலர் இங்கே வந்து சேர ஒரு காரணத்தை உருவாக்கியதுதான் அவருடைய உண்மையான செல்வாக்கு என்பது என் கணிப்பு.

ரே மீக்கரின் கதை சுவையானது. அமெரிக்காவில் கட்டடக்கலையும் பீங்கான்கலையும் பயின்ற அவர், டெபோரா ஸ்மித்துடன் சேர்ந்து 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார். 1980களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கும் மேலாக அவர் செய்த சோதனை துணிச்சலானது: சுடாத பச்சைச் செங்கல்லால் ஒரு வீட்டை வளைவுக் கூரையோடு முழுதாகக் கட்டுவது, அதற்குள் இன்னும் பச்சைச் செங்கல்லையும் ஓடுகளையும் அடுக்குவது, பிறகு வீட்டையே சூளையாக்கி நாள்கணக்கில் தீ மூட்டுவது. தீ அணைந்து சூடு ஆறியபின் உள்ளே வெந்த சரக்கை வெளியே எடுத்து விற்றால் விறகுச் செலவு அதில் கழிந்துவிடும்; வீடு ஏறக்குறைய இலவசமாகச் சுட்டுக் கிடைக்கும். கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தடித்த சுவர் முழுவதும் ஒரே சீராக வேகவேண்டும், விரிசல் விடக்கூடாது, தீயின் போக்கைப் படிக்கத் தெரிந்த ஆள் இரவும் பகலும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். சூளை வேலையில் பழுத்தவர் இல்லாமல் நடக்காத முறை ஊருக்குள் பரவாது. 1990களின் இறுதியில் மீக்கர் சிற்பப் பணிக்குத் திரும்பிவிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் உலகுக்குத் தர நினைத்த வீடு பரவவில்லை. ஆனால் அவரும் ஸ்மித்தும் பயிற்றுவித்த மாணவர்கள் பலர் சொந்தச் சூளை வைத்துக்கொண்டார்கள், புதுச்சேரி இந்தியப் பீங்கான்கலையின் முக்கிய ஊர்களில் ஒன்றாகிவிட்டது.

மீக்கரின் அந்த வீட்டு முறையைக் கையில் எடுத்துக்கொண்டவர் அனுபமா குண்டூ. 1967இல் புனேவில் பிறந்து, மும்பை ஜே.ஜே. கல்லூரியில் படித்து, 1990இல் ஆரோவில்லுக்கு வந்தவர். புதுச்சேரிக்கருகே வொலோந்தாரியா தொண்டு நிறுவனத்துக்காக அவர் கட்டிய குழந்தைகள் இல்லங்கள் இதே சுட்ட மண் முறையில் எழுந்தவை. மிதிவண்டிச் சக்கரத்தின் வட்டச் சட்டங்களே அங்கே சன்னல் கம்பிகளாயின. கண்ணாடிப் புட்டிகள் சுவருக்குள் போயின. ஆனால் அவரை உலகறியச் செய்தது 2000இல் முடிந்த அவருடைய சொந்த வீடான ‘வால் ஹவுஸ்’ (சுவர் வீடு). நம் பக்கத்துச் சூளைகளில் சுட்ட, கைத்தடம் மாறாத மெல்லிய நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அதன் உடம்பு. பூச்சு இல்லாததால் ஒவ்வொரு வரியும் கண்ணுக்குத் தெரியும். சாந்துக்கோடு ஓரிடத்தில் தடித்தாலும் ஒளிக்க வழியில்லை. கூரைக்கும் தளத்துக்கும் குயவர் சக்கரத்தில் செய்த சுடுமண் உருப்படிகளைப் பயன்படுத்தியதால், வில்லியனூர் போன்ற மண்கலை ஊர்களுக்குப் பழக்கமான கைத்திறன் வீட்டின் எலும்பாகவே மாறியது.

2012 வெனிஸ் பன்னாட்டுக் கட்டடக்கலைக் கண்காட்சியில் அந்த வீட்டை முழு அளவில் மீண்டும் எழுப்பிக்காட்டினார். இங்கிருந்து போன கைவினைஞர்கள் வெளிநாட்டு மாணவர்களோடு சேர்ந்து அங்கே கல் அடுக்கினார்கள். கொத்தனாரைக் கண்காட்சி அரங்கில் கலைஞனாக நிறுத்தியதை நான் சிறிய செயலாக நினைக்கவில்லை. பின்னர் டென்மார்க்கின் லூசியானா அருங்காட்சியகம் 2020இல் அவருக்குத் தனிக்கண்காட்சி வைத்தது. 2021இல் பிரிட்டனின் சார்லஸ் ஜென்க்ஸ் விருது கிடைத்தது. பெர்லினில் முனைவர் பட்டம், பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியப் பணி என அவருடைய தொழில்வாழ்வு இங்கே வேர்விட்டு அங்கே கிளைத்தது. ஆலையில் செய்த பொருளுக்குப் போகும் பணத்தை ஊர்க் கைகளுக்குக் கூலியாக மாற்றலாம் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அவருடைய சுவர்களுக்கு அவருடைய கண் தேவைப்படுகிறது. நாட்டுச் செங்கல் சூளைகள் அருகிவரும் நாளில், நடுத்தரக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் மேஸ்திரி அந்த வேலையைப் பார்த்துவிட்டு, “அழகாத்தான் இருக்கு சார், நமக்குக் கட்டுப்படியாகாது” என்று சொல்லிவிட்டுப் போகும் வாய்ப்பே அதிகம்.

சத்பிரேம் மைனியின் பாதை இதற்கு நேர் எதிர். பிரான்சிலிருந்து வந்த அவர், 1989இல் தொடங்கப்பட்ட ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். சுடாத, அழுத்திய மண்கட்டிதான் அவருடைய தொழிலின் மையம். செய்முறையை ஒரு பகலில் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்: மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியிலுள்ள செம்மண்ணைச் சலித்து, ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சிமெண்ட் கலந்து, தண்ணீர் தெளித்துப் புரட்டுகிறார்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விடுகிறார்கள்; நான்கைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி, பொடிந்தால் ஈரம் போதாது, அப்படியே தட்டையானால் ஈரம் மிகுதி. பிறகு ‘ஆரம்’ என்ற கைநெம்புகோல் இயந்திரத்தில் போட்டு அழுத்தி எடுத்து, நான்கு வாரம் நனைத்துப் பதப்படுத்துகிறார்கள். சவுக்கு விறகும் தேவையில்லை, புகையும் இல்லை. மண் எடுத்த பள்ளத்தை அப்படியே விடாமல் மழைநீர்த் தொட்டியாக்குவது இவர்களுடைய வழக்கம்.

1992இல் ஹசன் ஃபாத்தி விருது பெற்ற ஆரோவில் பார்வையாளர் மையம் இந்தக் கட்டியால் எழுந்தது. அதை வடிவமைத்தவர் சுஹாசினி ஐயர் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாகவேண்டும். ‘விகாஸ்’ குடியிருப்பில் நான்கு மாடி வரை போனார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கக் கம்பி செருகும் உள்ளீடற்ற கட்டியை உருவாக்கினார்கள். சவூதியின் ரியாத் நகரில் ஒரு மசூதியை ஏழே வாரத்தில் எழுப்பிக்காட்டினார்கள். மைனியின் பெயர் கண்காட்சிச் சுவரொட்டிகளில் அதிகம் வராது. ஆனால் பல நாட்டுப் பயிற்சியாளர்கள் இங்கே வந்து கற்றுக்கொண்டு போய்த் தங்கள் ஊர் மண்ணில் கட்டுகிறார்கள். கட்டடங்கள் பார்வைக்குச் சற்று ஒரே அச்சாக இருக்கின்றன என்று குறை சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தக் குறையைச் சொல்வேன். குண்டூவின் சுவருக்கு முன் நின்று பார்க்கத் தோன்றுவதுபோல் இவற்றின் முன் தோன்றுவதில்லை. ஆனாலும் முதலில் சொன்ன அளவுகோலில் மைனிதான் முந்துகிறார். பயிற்சிக்கு இடம் தேடும் மாணவரை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன். கூலி, பொருள் என்ற கணக்கை வேறு கண்ணால் பார்க்கக் கற்றபின் குண்டூவின் பணிகளைப் படிக்கச் சொல்வேன்.

இதிலும் நிலத்தின் கட்டுப்பாடு உண்டு. கோரிமேடு, லாசுப்பேட்டை, கடலூரின் கேப்பர் மலை ஆகிய இடங்களில் கட்டிக்கேற்ற செம்மண் காலடியிலேயே இருக்கிறது. கடலோரத் தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கிடைப்பது மணல். லாரியில் செம்மண் ஏற்றி வந்தால் மைனியின் கணக்கே கெட்டுவிடும். கடலோரத்துக்குப் பொருத்தமாக எனக்குத் தெரிவது, குண்டூ பின்னாளில் முயன்ற ஃபெரோசிமெண்ட் வீடு: மெல்லிய கம்பிவலையும் சிமெண்டும் கொண்ட பெட்டிகளை முன்கூட்டியே வார்த்து, சில நாட்களில் அடுக்கி நிறுத்துவது, சுவரின் உட்குழிவே அலமாரியாகிவிடும்.

2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்க் கூரைகளைப் பிய்த்தெறிந்தபின் கூரைவீடுகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. அவை பெரும்பாலும் வழக்கமான செங்கல், சிமெண்ட், கம்பி வழியில்தான் கட்டப்பட்டன. ரியாத் வரை போன ஒரு முறை, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள கடலூரின் ஒப்பந்தக்காரரிடம் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. நால்வரில் முதலிடத்தை மைனிக்குக் கொடுத்தாலும் அவருக்கு முழு மதிப்பெண் போட எனக்கு மனம் வராததற்கு அதுவே காரணம்.