ரேடியோ லைசென்ஸ் யார் பேர்ல இருக்கணும்? அமெரிக்கால நாலு விதம், ஒரு அலசல்

அமெரிக்கா பப்ளிக் ரேடியோ, அதாவது விளம்பரத்தை நம்பாம நேயர் நன்கொடையும் மானியமும் வெச்சு ஓடுற ரேடியோன்னதும் என்பிஆர்தான் எல்லா ஸ்டேஷனையும் நடத்துதுன்னு நம்மாளுங்க பல பேரு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அது நிகழ்ச்சி தயாரிச்சு குடுக்குற இடம் மட்டும்தான், அதுக்குன்னு சொந்தமா ஒரு ஸ்டேஷன்கூட கெடையாது. நம்ம ஆகாசவாணின்னா 1997 வரைக்கும் நேரா அமைச்சகத்துக்கு கீழ, அப்புறம் பிரசார் பாரதி, ஆக மொத்தம் மேல யாருன்னு கேட்டா டில்லின்னு சொல்லி முடிச்சுடலாம். அங்க ஊருக்கு ஊர் வேற வேற ஓனர். ஒலிபரப்பை ஒழுங்குபடுத்துற அரசு அமைப்பான எஃப்சிசி குடுக்குற லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் முதலாளி, மாசாமாசம் காசு அனுப்புற நேயரோ சம்பளம் வாங்காம வருஷக்கணக்கா நிகழ்ச்சி பண்ற வாலன்டியரோ அந்த பேப்பர்ல எங்கயும் வரமாட்டாங்க. சண்டை எல்லாம் இங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல நகராட்சியே ஓனரா இருந்த கதை. நியூயார்க்ல டபிள்யூஎன்ஒய்சி 1924 ஜூலைல ஒலிபரப்ப ஆரம்பிச்சுது, சொந்தக்காரர் நியூயார்க் நகர அரசு. 1945ல பேப்பர் போடுறவங்க ஸ்ட்ரைக் பண்ணப்போ மேயர் லா கார்டியாவே மைக் முன்னாடி உக்காந்து பசங்களுக்கு காமிக்ஸ் படிச்சு காட்டினாரு, இன்னிக்கும் அதை சிலாகிச்சு பேசுவாங்க. ஆனா அதே ஸ்டேஷன்ல 1979ல மேயர் எட் காச் என்ன பண்ணாருன்னா, பாலியல் தொழிலாளிங்க கிட்ட போய் மாட்டி தண்டனை வாங்கின ஆம்பளைங்க பேரை எல்லாம் ரேடியோல வாசிக்க வெச்சாரு. ஏகப்பட்ட எதிர்ப்பு, ஒரே ஒரு தடவைதான் ஓடுச்சு, அதோட நிறுத்திட்டாங்க. மேயர் நல்ல மூட்ல இருந்தா காமிக்ஸ், இல்லன்னா இது. நகராட்சி ஓனர்னா இவ்ளோதான் விஷயம், மேயர் மனசுக்கும் மைக்குக்கும் நடுவுல ஆளே இல்ல. 1995ல அப்போதைய மேயர் ஜூலியானி, நகரத்துக்கு எதுக்குய்யா ரேடியோன்னு முடிவு பண்ணி ஏஎம், எஃப்எம் ரெண்டு லைசென்ஸையும் டபிள்யூஎன்ஒய்சி ஃபவுண்டேஷனுக்கே 20 மில்லியன் டாலருக்கு, ஆறு வருஷ தவணைல குடுத்துட்டாரு. கூடவே இருந்த டிவி சேனல் தனியார்கிட்ட 207 மில்லியனுக்கு போச்சு. ரெண்டு நம்பரையும் பக்கத்துல வெச்சு பாத்தா ரேடியோ பொழச்சதே பெரிய விஷயம்னு புரியும்.

ரெண்டாவது, யுனிவர்சிட்டி கையில லைசென்ஸ். அங்க பெரும்பாலான ஊர்ல இதுதான் நடைமுறை. வசதி நெறைய இருக்கு, கட்டடம் இருக்கு, கரென்ட் பில்லு, ஆடிட், வக்கீல் எல்லாம் காலேஜ் பாத்துக்கும், அரசியல்வாதி ஃபோன் போட்டு மிரட்டினா நடுவுல ஒரு நிர்வாகம் நிக்கும். பிரச்சனை என்னன்னா காலேஜுக்கு ரேடியோ ஒரு சொத்து, கணக்கு புக்குல ஒரு வரி. ஓனர் வீட்டை வித்துட்டாருன்னு புரோக்கர் வந்து சொல்லித்தான் வாடகைக்கு இருக்கறவனுக்கு தெரியுமே, நேயர்களுக்கும் அதே நெலமைதான். சான் ஃபிரான்சிஸ்கோல கேயுஎஸ்எஃப் 90.3ன்னு ஒரு ஸ்டேஷன், ஊருக்குள்ள ரொம்ப பிரியமானது, பல மொழில நிகழ்ச்சி, எங்கயும் கேக்க முடியாத பாட்டு. 2011 ஜனவரி 18 காலைல நிகழ்ச்சி ஓடிக்கிட்டு இருக்கும்போதே அலைவரிசைய வெட்டிட்டாங்க. சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 3.75 மில்லியன் டாலருக்கு கிளாசிக்கல் இசை நெட்வொர்க் ஒண்ணுக்கு விக்கறதா பேசி முடிச்சிருந்துச்சு, உள்ள வேலை பாத்தவங்களுக்கே அப்பதான் தெரியுது. எஃப்சிசில மனு போட்டாங்க, போராடினாங்க. ஆனா நிகழ்ச்சி வகை மாறுறதை எஃப்சிசி பொதுவா தன் வேலையா எடுத்துக்காது, 1981லயே உச்ச நீதிமன்றம் அந்த கொள்கை சரிதான்னு சொல்லிடுச்சு. 2012ல விற்பனைக்கு ஓகே ஆயிடுச்சு. கதை முடிஞ்சுது.

இதுக்கு நேரெதிரா வாஷிங்டன் மாநிலத்து டகோமாவுல ஒண்ணு நடந்துச்சு. கேபிஎல்யூ, ஜாஸ் இசையும் செய்தியும் போடுற ஸ்டேஷன், பசிஃபிக் லூதரன் பல்கலைக்கழகத்தோடது. 2015 நவம்பர்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது பக்கத்துல சியாட்டில்ல கேயுஓடபிள்யூங்கற ஸ்டேஷனை வெச்சிருக்கிற அதே பார்ட்டிக்கு விக்கறதா அறிவிச்சாங்க. நேயர்கள் பொங்கிட்டாங்க. கடைசில ஊர்க்காரங்களே 7 மில்லியன் டாலர் திரட்டினா அவங்களே எடுத்துக்கலாம்னு ஒரு கெடு குடுத்தாங்க, 2016 ஜூன் 30 வரைக்கும். யாரும் நம்பல. கெடுவுக்கு ஒரு மாசம் முன்னாடியே காசு சேந்துடுச்சு, ஆகஸ்ட் கடைசில கேஎன்கேஎக்ஸ்னு புது பேர்ல தனி லாப நோக்கமில்லாத அமைப்பா ஆயிடுச்சு. சந்தோஷம்தான், ஆனா யோசிச்சு பாருங்க, வருஷக்கணக்கா நன்கொடை குடுத்து வளத்த ஸ்டேஷனை அந்த மக்களே திரும்ப காசு போட்டு வாங்க வேண்டியிருந்துச்சு. எனக்கு இது ஜீரணிக்கவே இல்ல.

சரி, மூணாவது, நேயர்களே ஓட்டு போட்டு போர்டை தேர்ந்தெடுத்தா? காதுக்கு இதுதான் ரொம்ப நியாயமா இருக்கு, நானும் ரொம்ப நாள் இந்த கட்சிதான். பசிஃபிகான்னு ஒரு அமைப்பு இதை செஞ்சு பாத்துடுச்சு. ரெண்டாம் உலகப்போர்ல துப்பாக்கி தூக்க மாட்டேன்னு நின்ன லூயிஸ் ஹில் 1946ல ஆரம்பிச்ச ஃபவுண்டேஷன், 1949 ஏப்ரல்ல கலிஃபோர்னியா பெர்க்லில கேபிஎஃப்ஏங்கற அதோட ஸ்டேஷன் ஒலிபரப்ப தொடங்குச்சு, விளம்பரம் இல்லாம நேயர் காசுல ஸ்டேஷன் ஓட்டலாம்னு அமெரிக்காவுக்கு காட்டினதே அதுதான். அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், ஹூஸ்டன், வாஷிங்டன்னு மொத்தம் அஞ்சு. ஹூஸ்டன் ஸ்டேஷனோட டிரான்ஸ்மிட்டரை 1970ல வெள்ளை இனவெறி கும்பலான கூ க்ளக்ஸ் க்ளான் ஆளுங்க ரெண்டு தடவை குண்டு வெச்சு தகர்த்தாங்க, அந்த அளவுக்கு ஆகாதவங்களுக்கு உறுத்தின ரேடியோ.

1999ல தலைமை போர்டு விதிய மாத்தி, இனிமே நாங்களே எங்க ஆளுங்கள நியமிச்சுக்கறோம்னு ஆக்கிட்டாங்க. அதே வருஷம் ஒரு போர்டு மெம்பர், கேபிஎஃப்ஏவையோ நியூயார்க் டபிள்யூபிஏஐயையோ வித்தா என்ன தேறும்ங்கற ரீதில எழுதின ஈமெயில் அட்ரஸ் மாறி மீடியா அலையன்ஸ்னு ஒரு அமைப்புக்கு போயிடுச்சு. அவங்க அதை பத்திரிகைக்காரங்க முன்னாடி போட்டு உடைச்சாங்க. ஜூலை 13 சாயந்திரம் கேபிஎஃப்ஏல டென்னிஸ் பெர்ன்ஸ்டீன் தன் நிகழ்ச்சில அந்த விஷயத்தை ஒலிபரப்பினாரு, நிர்வாகம் ஆளு விட்டு அவரை வெளிய இழுத்துட்டு போச்சு, அந்த கூச்சல் அப்படியே ஏர்ல கேட்டுச்சு. ஸ்டேஷனை பூட்டினாங்க, பெர்க்லி தெருவுல ஆயிரக்கணக்குல ஜனம் இறங்குச்சு. கோர்ட்டு, சமரசம் எல்லாம் முடிஞ்சு 2003ல புது சட்டதிட்டம் வந்துச்சு. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் 24 பேர் போர்டு, 18 பேரை நேயர்களும் 6 பேரை ஸ்டாஃபும் தேர்ந்தெடுக்கணும், அங்கேருந்து ஆளுங்க தேசிய போர்டுக்கு போவாங்க. 25 டாலர் குடுத்தாலோ மூணு மணி நேரம் வாலன்டியர் வேலை பாத்தாலோ ஓட்டுரிமை. பேப்பர்ல பாத்தா சொக்கிடுவீங்க.

நடந்தது வேற. கட்சி கட்சியா பிரிஞ்சாங்க, ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் கோஷ்டி, கேஸு. நேயர்கள்ல பத்துல ஒருத்தர் ஓட்டு போட்டாதான் செல்லும்னு விதி, அந்த பத்து சதவீதம் தேறாம வாக்குப்பதிவு தேதிய தள்ளி வெச்ச கூத்தும் நடந்துச்சு. டபிள்யூபிஏஐ எம்பயர் ஸ்டேட் பில்டிங்ல ஆன்டெனா வெச்சிருந்ததுக்கு வாடகை பாக்கி, கட்டட ஓனர் கேஸ் போட்டு 1.8 மில்லியன் டாலருக்கு தீர்ப்பு வாங்கிட்டாரு, அதை அடைக்க 2018ல கடன். 2019 அக்டோபர்ல தலைமை நிர்வாகமே டபிள்யூபிஏஐ ஸ்டாஃபை வெளிய அனுப்பிட்டு வேற ஊர் நிகழ்ச்சிய ஓட விட்டுச்சு, கோர்ட்டு தலையிட்டு நவம்பர்லதான் பழைய ஆளுங்க உள்ள வந்தாங்க. இருபது வருஷம் முன்னாடி எதை எதிர்த்து ஜனநாயகம் கேட்டாங்களோ அதே பூட்டு, இந்த தடவை ஓட்டு போட்டு வந்த போர்டு இருக்கும்போதே. ஆனா ஒண்ணு மறுக்க முடியாது. அஞ்சு லைசென்ஸும் பசிஃபிகா கையிலதான் இருக்கு. அவ்ளோ கடன்லயும் ஒண்ணையும் விக்க விடாம தடுத்ததுல இந்த கோஷ்டிச் சண்டைக்கும் பங்கு இருக்குன்னு நெனைக்கிறேன்.

நாலாவது, டபிள்யூஎன்ஒய்சி 1997ல லைசென்ஸ் நெஜமாவே கைமாறினதுக்கு அப்புறம் போன வழி. தனி அமைப்பு, டிரஸ்டிங்களே அடுத்த டிரஸ்டிய தேர்ந்தெடுத்துக்குவாங்க. வேலை ஓடும், காசு சேரும், முடிவு வேகமா வரும். உள்ள யாரு வருவாங்கன்னா பெரிய செக் எழுதறவங்களும் அவங்களுக்கு தெரிஞ்சவங்களும். 1999ல பசிஃபிகா போர்டு ஆசைப்பட்டதும் இதே அமைப்புதான், ஞாபகம் வெச்சுக்கங்க. அரசு மானியம் வாங்குற ஸ்டேஷன் கூட்டத்தை திறந்து வைக்கணும், ஊர்க்காரங்க ஆலோசனைக் குழு வைக்கணும்னு பழைய நிபந்தனைங்க இருந்துச்சு, ஆலோசனைதான், அதிகாரம் இல்ல. அந்த மானியத்தை குடுத்துக்கிட்டு இருந்த சிபிபிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒதுக்கின 1.1 பில்லியன் டாலரை 2025 ஜூலைல காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், திரும்ப எடுத்துடுச்சு, அடுத்த மாசமே கடைய மூடுறோம்னு சிபிபி அறிவிச்சுது. காசு போனா அதோட தொங்கிட்டு இருந்த நிபந்தனைக்கும் பல்லு இருக்காது, கை இறுகின காலேஜுக்கு லைசென்ஸை விக்கிற ஆசையும் கூடத்தான் செய்யும்.

என்னைய கேட்டா நாலாவதுதான், ஆனா அப்படியே இல்ல. தினசரி நிர்வாகம், மேனேஜர் நியமனம், காலை எட்டு மணிக்கு எந்த நிகழ்ச்சிங்கற சண்டை, இதுக்கெல்லாம் ஓட்டு வேண்டாம், பசிஃபிகா கெட்டதே அங்கதான். லைசென்ஸை விக்கறது, டவரையோ கட்டடத்தையோ அடமானம் வெக்கறது, இந்த ரெண்டுக்கு மட்டும் நேயர் ஓட்டு கட்டாயம்னு அமைப்பு விதில எழுதி, அந்த விதியையே மாத்தணும்னாலும் அதே ஓட்டு வேணும்னு ஒரு பூட்டு போடணும். கேயுஎஸ்எஃப் மாதிரி விடிஞ்சா ஸ்டேஷன் இல்லங்கறது அப்ப நடக்காது, கேபிஎல்யூ நேயர்களுக்கும் வாங்கறதுக்கு முன்னாடி வேண்டாம்னு சொல்ல ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். யாருக்கு ஓட்டுன்னு கேட்டா பசிஃபிகாவோட அந்த 25 டாலர் இல்லன்னா மூணு மணி நேர வேலைங்கற கணக்கையே எடுத்துக்கலாம், அது நல்ல விதி. விற்பனை பேச்சு அடிபட்டதும் திடீர்னு மெம்பர் ஆகுற கூட்டத்தை தடுக்க, குறைஞ்சது ஒரு வருஷம் முன்னாடியே சேந்திருக்கணும்னு மட்டும் கூட சேத்துக்கணும்.