பழுதுபார்க்கக் கொடுக்கும்போது மெழுகு உருளையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்

பழைய உருளை ஃபோனோகிராஃப் (உருளையில் பதிந்த ஒலியைக் கேட்கும் சாவி இயந்திரம்) வைத்திருப்பவர்கள், அதைச் சரிசெய்யக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கொடுப்பதானால் இயந்திரத்தை மட்டும் கொடுங்கள். கூட வந்த மெழுகு உருளைகள் வீட்டிலேயே இருக்கட்டும். நான் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன், அதில் ஒன்று பாழாகித் திரும்பி வந்தது.

என்னுடையது எடிசன் ஸ்டாண்டர்ட். ஓக் மரப் பெட்டி, பக்கவாட்டில் சாவி, மேலே தங்க நிறக் கோடு போட்ட கறுப்பு இரும்புத் தட்டு. ஒரு பழைய வீட்டைக் காலி செய்தவர்களிடமிருந்து வாங்கினேன். கூடவே ஐந்து உருளைகள் வந்தன. நான்கு கறுப்பு, கடையில் விற்ற பாட்டு உருளைகள், விளிம்பிலேயே பெயரும் எண்ணும் இருக்கும். ஐந்தாவது பழுப்பு நிறம். அதில் எழுத்தே இல்லை. அட்டை டப்பாவின் மூடியில் மட்டும் பென்சிலால் ஒரு பெண் குழந்தையின் பெயரும், பக்கத்தில் வயது 6 என்றும் எழுதியிருந்தது.

இந்த இயந்திரங்களில் கேட்கவும் முடியும், பதியவும் முடியும். ரீப்ரொட்யூசரை, அதாவது தடத்தைத் தொட்டு ஒலியைக் கொடுக்கும் ஊசித் தலையைக் கழற்றிவிட்டு, பதியும் தலையான ரெக்கார்டரை மாட்டி, வெற்று உருளையைச் சுற்றவிட்டுக் குழலுக்குள் பேசினால் மெழுகில் தடம் விழும். அப்படி வீட்டில் பதிந்த உருளைக்கு வேறு பிரதி கிடையாது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது கொஞ்சம் தேயும். அதனால் இயந்திரம் முழுதாகச் சரியாகட்டும், அப்புறம் தெரிந்தவர்களைக் கேட்டு ஒரே ஒரு முறை ஓட்டிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று தொடாமல் வைத்திருந்தேன்.

பழுதுபார்ப்பவர் கிராமஃபோன் வேலையில் பல வருட அனுபவம் உள்ளவர். நான் ஏமாந்த இடம் அதுதான். தட்டு கிராமஃபோன் வேறு, உருளை இயந்திரம் வேறு என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. பெயர்த் தகட்டில் கடைசியாக இருந்த தேதியைக் காட்டி, "இது இந்த வருஷத்துது சார், ரொம்பப் பழசு, பாகம் கிடைக்கிறதே கஷ்டம்" என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டார். கொடுத்தேன். தகட்டில் வரிசையாக இருப்பவை காப்புரிமைத் தேதிகள் என்று பின்னால்தான் தெரிந்தது. அவை தயாரித்த ஆண்டைச் சொல்வதில்லை. தொடர் எண்ணையும் மாடலையும் வைத்துத்தான் ஆண்டைக் கணிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் என்னுடையது அவர் சொன்னதைவிடச் சில வருடங்கள் பிந்தியது.

திரும்பி வந்தபோது இயந்திரம் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேல்தட்டைச் சுரண்டி, ஸ்பிரே பெயின்ட் அடித்து, கடையில் கிடைக்கும் புது ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார். கையால் போட்ட அந்தத் தங்கக் கோடுகள் போய்விட்டன. லேசாக அழுக்கெடுத்திருந்தாலே போதும். சேகரிப்பவர்கள் மதிப்பதும் அந்தப் பழைய பூச்சைத்தான். மோட்டார் வேலையில் மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஸ்பிரிங் டப்பாவில் கல்லாய் இறுகியிருந்த கிரீஸை எடுத்து, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரைச் சுத்தம் செய்து, தோல் பெல்ட்டையும் மாற்றியிருந்தார். உருளை மாட்டும் தண்டில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி எண்ணிப் பார்த்தேன். 15 நொடிக்கு 40 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 160. சரியான வேகம்.

அடுத்து ரீப்ரொட்யூசரைக் கழற்றிப் பார்த்தேன். நான் கொடுத்தபோது அதில் C என்ற எழுத்து இருந்தது, இப்போது H. என்னுடையதை எடுத்துக்கொண்டு வேறொன்றை மாட்டியிருக்கிறார்.

இந்த ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உருளைகளில் இரண்டு வகை. முதலில் வந்தவை இரண்டு நிமிடம் ஓடும், அங்குலத்துக்கு 100 தடங்கள். 1908-இல் வந்த அம்பரோல் நான்கு நிமிடம் ஓடும், அங்குலத்துக்கு 200 தடங்கள். தடம் பாதியாகக் குறுகியதால் ஊசி முனையும் சிறிதாக வேண்டியிருந்தது. C இரண்டு நிமிட உருளைக்கானது, H நான்கு நிமிடத்துக்கானது. அதோடு எடிசன் இயந்திரத்தில் ஊசியைத் தடம் இழுத்துக்கொண்டு போவதில்லை. பின்னால் இருக்கும் திருகுத்தண்டுதான் அதை நகர்த்துகிறது. என் இயந்திரத்தில் இரண்டு நிமிட கியர் மட்டும்தான் உண்டு. நான்கு நிமிட உருளையைப் போட்டால் ஊசி இருமடங்கு வேகத்தில் நகர்ந்து தடம் தாவும். ஆக, இதில் H-க்கு வேலையே இல்லை.

அந்த H-ஐ வைத்துக்கொண்டு "டெஸ்ட்" செய்ய அவர் எடுத்தது பழுப்பு உருளையை.

பழுப்பு மெழுகு, பின்னால் வந்த கறுப்பு மெழுகைவிட மிருதுவானது. 1902-இல் அச்சில் வார்த்த கெட்டியான கறுப்பு உருளைகள் வந்தபோது, அவற்றுக்காக வந்ததுதான் C. அதன் எடையே பழுப்புக்கு அதிகம். H-இன் சின்ன முனை அதில் உழுதுவிட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முதல் மூன்றில் ஒரு பங்கு பளபளப்பே இல்லாமல், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. ரீப்ரொட்யூசரில் ஊசியை அழுத்தும் எடைக்கட்டியின் அடிப்பக்கத்தில் மாவு போல மெழுகுத்தூள் அப்பியிருந்தது.

போன் செய்து கேட்டேன். "பூஞ்சை ஏற்கெனவே தின்னிருந்தது சார், நான் ஒண்ணும் பண்ணலை" என்றார். பூஞ்சை இருந்தது உண்மைதான், ஆனால் அது அங்கங்கே வெள்ளைப் புள்ளியாகத்தான் படரும். தடத்தோடு சேர்ந்து வட்டமாக ஓடாது. அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சின்னப் பொண்ணு ஏதோ பாடுச்சு சார், பாதியில கரகரன்னு ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்றார். அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கடைசியாகக் கேட்டவர் அவர்தான். நான் கேட்கவே இல்லை.

இனி கொடுப்பவர்கள் ரீப்ரொட்யூசரின் எழுத்தும் எண்ணும் தெரிய முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தட்டு, பெயர்த் தகடு, பெட்டியின் உட்புறம் எல்லாவற்றையும் எடுங்கள். பெயின்ட் அடிக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். C-க்கும் H-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். அவர் தடுமாறினால் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பழுப்பு உருளையை எடுக்கும்போது இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துத் தூக்குங்கள், வெளிப்பக்கம் கை படவே கூடாது. மிகவும் குளிர்ந்திருந்தால் விரல் சூட்டுக்கே விரிசல் விடும். நீல நிற அம்பரோல் இருந்தால் வேறு கவலை. 1912-இல் வந்த அவற்றின் மேல்புறம் செல்லுலாய்டு, உள்ளே பிளாஸ்டர். ஈரத்தில் பிளாஸ்டர் உப்பித் தண்டில் ஏறாது. அழுத்தித் தள்ளாதீர்கள், உடையும். அவற்றுக்கான கனமான வைர ஊசியை மெழுகு உருளையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஊசியே படாமல், தடத்தை ஒளியால் படமெடுத்து ஒலியாக மாற்றும் முறை இருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான ஐரீன் அப்படிப்பட்டது. என் உருளையின் மீதி இரண்டு பங்கில் தடம் இன்னும் நன்றாக இருக்கிறது. அதை இனி எந்த இயந்திரத்திலும் மாட்டப் போவதில்லை. டப்பாவோடு, ஈரம் படாத அலமாரியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

C ரீப்ரொட்யூசர் இன்னும் திரும்பி வரவில்லை. அதன் எண் நான் முன்பே எடுத்த படத்தில் தெளிவாக இருக்கிறது. யாருக்காவது சமீபத்தில் தனியாக ஒரு C விற்பனைக்கு வந்திருந்தால் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.