கடல் பயணங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உலக உருண்டையா, வரைபடமா?

கொலம்பஸ், மெகல்லன், வாஸ்கோடகாமா மூவரையும் ஒரே கருவியை வைத்து நடத்தப் பார்த்தால் யாராவது ஒருவர் விளங்காமல் போவார். முதல் இருவருக்கும் உருண்டை, காமாவுக்கு வரைபடம் என்பது எங்கள் முடிவு.

உருண்டை 30 செ.மீ. விட்டமாவது இருக்கட்டும். அதில் 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. மலிவாகக் கிடைக்கும் 20 செ.மீ. உருண்டையில் சிறு தீவுகளின் பெயரைப் படிப்பதே பெரும்பாடு.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கேனரித் தீவுகளிலிருந்து மேற்கே போனால் ஜப்பான் ஏறக்குறைய 4,450 கி.மீ.தான் என்பது கொலம்பஸ் போட்ட கணக்கு. 10.5 செ.மீ. நூல் வெட்டி, ஒரு நுனியைக் கேனரியில் வைத்து, கடகரேகைக்குச் சற்று மேலே மேற்காகப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் கரையேறிய பஹாமாஸ் தீவுகளுக்குக் கிட்டத்தட்ட 3 செ.மீ. முன்னாலேயே, நடுக்கடலில் நூல் தீர்ந்துவிடும். ஜப்பான் வரை எட்ட 45 செ.மீ.க்கு மேல் வேண்டும். 1492-இல் அமெரிக்கா குறுக்கே வந்ததால்தான் அவர் பிழைத்தார் என்பது பிள்ளையின் கையிலேயே தெரிந்துவிடும்.

இதில் வழக்கமாக நேரும் தவறு ஒன்று உண்டு. நூலை இறுக்கி இழுத்தால் அது வடக்கே நழுவும், ஏனென்றால் உருண்டையில் மிகக் குறுகிய வழி அதுதான். நான்கைந்து இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிடியுங்கள். செலோடேப் வேண்டாம், உரிக்கும்போது அச்சும் சேர்ந்து வந்துவிடும்.

மெகல்லனின் கப்பல்கள் பசிபிக்கைக் கடக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. சுவர் வரைபடங்களில் பெரும்பாலும் அந்தக் கடல் இரண்டு ஓரங்களில் பிளந்து கிடக்கும். உருண்டையில் அது ஒரே கடலாகத் தெரியும்.

காமாவின் கதை காற்றின் கதை. அம்புக்குறி போட்டு, அழித்து, மறுபடி போட வேண்டும், அதற்குக் கடையில் கிடைக்கும் அவுட்லைன் மேப்தான் சரி. பிள்ளைகள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே கோடு போடுவார்கள். அங்கே தெற்கே போகும் கப்பலுக்கு எதிர்க்காற்று. அதனால் 1497-இல் அவர் அட்லாண்டிக்கில் மேற்கே வெகுதூரம் வளைந்துபோய், மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார். காற்றை முதலில் வரைந்துவிட்டால் வளைவு தானாக வரும். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் மலபாருக்கும் இடையே அரபு, குஜராத்தி வணிகர்கள் ஓடிய வழியை வேறு நிறத்தில் அதற்கும் முன்னாலேயே போட்டுவைப்பது நல்லது. ‘இந்தியாவைக் கண்டுபிடித்தார்’ என்ற வாக்கியம் பிள்ளையின் மனதில் பதியவே கூடாது. காமாவே கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மலிந்தியில் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டுதான் வந்தார்.

அடுத்து, கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு நாள் என்று நிறம் தீட்டட்டும். மலிந்தியிலிருந்து மலபார் கரைக்குத் தென்மேற்குக் காற்று தள்ள 23 கட்டம். திரும்பும்போது வாடைக்காற்று நிலைக்கும்வரை பொறுக்காமல் கிளம்பியதால் 90-ஐ ஒட்டி வரும். காய்கறி, பழம் இல்லாமல் ஈறு வீங்கி மாலுமிகள் இறந்தது இந்தக் கட்டங்களில்தான். கப்பலோட்ட ஆள் போதாமல் சாவோ ரஃபேல் என்ற கப்பலை அவர்களே கொளுத்த வேண்டியதாயிற்று.