ஹெட்லைட் உட்புறக் கறுப்பு: ஸ்பிரே, பிரைமர், பியூட்டைல் – எதற்குக் காசு கொடுக்கலாம், எது தண்டம்

ஹெட்லைட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் குரோம் சட்டத்துக்குக் கறுப்பு அடிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஸ்பிரே நல்லது?" என்றுதான். ஆனால் இந்த வேலை ஸ்பிரேயால் கெடுவது குறைவு. பெயிண்ட் உள்ளுக்குள் காயும் முன்னே மூடிவிடுவதால் கெடும், இல்லாவிட்டால் பழைய பசையையே நம்பி ஒட்டுவதால் கெடும். கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் பொருள்களை அந்தக் கண்ணோடு பார்த்துத்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

பொருள் வாங்கும் முன் விளக்கைப் பாருங்கள். எச்4 ஹாலோஜன் பல்பு போட்ட ரிஃப்ளெக்டர் விளக்கு, அதுவும் பியூட்டைல் பசையில் ஒட்டியது என்றால் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். லென்ஸும் (முன்பக்கத் தெளிவான மூடி) பின்கூடும் சேரும் பள்ளத்தில் சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தினால் பியூட்டைல் களிமண் மாதிரி குழியும். கெட்டியாக, டயர் ரப்பர் போலத் திருப்பித் தள்ளினால் அது பாலியூரித்தேன். சூட்டுக்கு இளகாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், வெட்டினால் பள்ளத்தின் விளிம்பு உடையும். முழு எல்இடி விளக்குகள் பலவற்றில் இந்த வகைதான். அவற்றை விட்டுவிடுங்கள். ஒரு விளக்கு போனால் புதிதுக்குக் கொடுக்கும் விலையில் இந்த வேலையைப் பத்துக் காருக்குச் செய்யலாம்.

முதலில், பசையை இளக்கச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன். 1,500 முதல் 2,000 வாட் வரை இருக்கும் எதுவும் போதும். பிராண்டைவிட முக்கியம் வெப்பத்தைக் குறைத்து வைக்கும் வசதி. 300 – 350 டிகிரியில் நிற்கும் நிலை வேண்டும். ஒரே சுவிட்சில் நேராக 500-க்குப் போகும் மலிவு மாடல் ஆகாது. லென்ஸ் பாலிகார்பனேட், 145 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். பின்கூடு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அது 160-ஐ ஒட்டி உருகும். கன்னின் வாயை 10 – 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் விளிம்பு முழுக்க நான்கைந்து சுற்று ஓட்டினால் பசை மட்டும் இளகும். ஓரிடத்தில் பத்து விநாடி நின்றுவிட்டால் லென்ஸ் ஓரம் அலையடித்துவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

கேக் செய்யும் ஓடிஜி அவனில் வைப்பதைப் பல வீடியோக்களில் காட்டுகிறார்கள். 100 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் என்பது சரியான கணக்குதான். சிக்கல் என்னவென்றால், இன்றைய கார்களின் நீண்ட விளக்கு 40 லிட்டர் அவனுக்குள்ளும் நுழையாது. நுழைந்தாலும் மேல் கம்பிக்கு மிக அருகில் வரும் மூலை உருகும். பசையின் ஆவி ஏறிய அவனில் அதன் பிறகு ரொட்டி சுடவும் முடியாது. ஹீட் கன்னே மேல்.

பிரிக்கும் முன் பல்பு, பார்க்கிங் பல்பு, ரப்பர் மூடி, உயரம் மாற்றும் மோட்டார் எல்லாவற்றையும் கழற்றுங்கள். லென்ஸ் ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களையும் மறக்க வேண்டாம். மறந்த ஒற்றை ஸ்க்ரூதான் பெரும்பாலான லென்ஸ் விரிசல்களுக்குக் காரணம். இளகிய பசை பாகு போலக் கம்பி கம்பியாக இழுபடும். அதில் ஒரு இழை ரிஃப்ளெக்டர் மேல் விழுந்தால் கையை வைக்காதீர்கள். ஆறவிட்டு, இறுகிய பின் இடுக்கியால் தூக்குங்கள். அந்தக் கண்ணாடிப் பளபளப்பு, வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியம், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. துணியால் ஒருமுறை துடைத்தாலே கீறல் விழும். தூசிக்குக் கையால் அமுக்கும் ரப்பர் ஊதி போதும்.

எதற்கு அடிக்கலாம், எதற்குக் கூடாது என்பதில் பேரமே இல்லை. பெசல் என்று கடைக்காரர்கள் சொல்லும் அலங்காரச் சட்டத்துக்கு மட்டும். பல்பைச் சுற்றிய ரிஃப்ளெக்டர் கிண்ணத்தில் அடித்தால் ரோட்டில் விழும் வெளிச்சம் குறையும், ஒளியின் வடிவமும் மாறும். லென்ஸுக்குப் புகை நிறம் அடிப்பதும் அதே கதை. வாகனத்தில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு நினைவிருக்கட்டும். எஃப்சிக்குப் போகும்போது பெசல் நிறத்தை யாரும் கேட்கப் போவதில்லை, மங்கிய வெளிச்சத்தைக் கேட்பார்கள்.

அடுத்து பிரைமர். குரோம் பூசிய பெசலை 800 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு, பளபளப்பு போய் ஒரே சீராக மங்கும்வரை தேய்க்க வேண்டும். 400 போட்டால் கோடு தெரியும். 1,500 போட்டால் பெயிண்டுக்குப் பிடி இருக்காது. பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் இந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. பாலிகார்பனேட்டில் பட்டால் நுண்ணிய வெடிப்பு விழும். சில நேரம் மறுநாள்தான் கண்ணுக்குத் தெரியும்.

பெயிண்ட் கடையில் "பிரைமர்" என்று கேட்டால் இரும்புக்கான சாம்பல் பிரைமரைத் தூக்கிக் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் பிரைமர் என்றே எழுதியிருக்கும் கேன்தான் வேண்டும்; நிறமற்றதாக, மெல்லியதாக இருக்கும். ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். இதற்குக் கொடுக்கும் முந்நூறு, நானூறு ரூபாய் வீண் போகாது. அதைத் தவிர்த்த பெசலில் ஆறு மாதத்தில் மூலைகள் செதிலாக உரியத் தொடங்கும். உரிந்த செதில் லென்ஸுக்குள் அடியில் கிடக்கும், மறுபடி பிரித்தால்தான் எடுக்க முடியும்.

இப்போது பெயிண்ட். இதில்தான் விளம்பரத்தை நம்பி ஏமாறுகிறார்கள். பல்பு சூடாகும் என்பதால் "ஹீட் ரெசிஸ்டன்ட்" என்று போட்ட சைலன்சர் கறுப்பை வாங்குகிறார்கள். 600 டிகிரி தாங்கும் என்று கேனில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த சிலிக்கான் ரெசின் முழுதாக இறுக 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பிளாஸ்டிக் பெசலை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. ஆக, அது எப்போதும் அரைகுறையாகவே இருக்கும், நகம் பட்டால் கோடு விழும், பல்பு எரியும்போதெல்லாம் ஆவி விடும். அந்த ஆவி லென்ஸின் உட்பக்கம் எண்ணெய்ப் படலமாகப் படியும். இந்த வேலைக்குச் சைலன்சர் பெயிண்டைப் போல மோசமான தேர்வு வேறில்லை.

சாதாரண அக்ரிலிக் மேட் கறுப்பு போதும். 250 – 400 ரூபாய்க்குள் கிடைக்கும் 400 மி.லி. கேன் ஒரு ஜோடி பெசலுக்கு மூன்று கோட் அடித்த பிறகும் பாதிக்கு மேல் மிஞ்சும். பளபளப்புக் கறுப்பு ஷோரூமில் அழகு, விளக்குக்குள் ஒவ்வொரு தூசியையும் காட்டிக் கொடுக்கும். பெயிண்டும் அதை இறுக்கும் ஹார்டனரும் ஒரே கேனில் தனித்தனியாக இருக்கும் டூ-கே ஸ்பிரே விலை கூடுதல். அடியில் உள்ள பட்டனை அழுத்தி ஹார்டனரைக் கலந்ததும் குறிப்பிட்ட நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஆனால் இறுகிய பின் ஆவி விடுவது மிகக் குறைவு. தரத்தில் முதலிடம் அதற்கே. அதில் ஐசோசயனேட் இருப்பதால் துணி மாஸ்க் உதவாது, கரி ஃபில்டர் வைத்த ரெஸ்பிரேட்டர் இல்லாமல் தொடாதீர்கள். ரெஸ்பிரேட்டர் வாங்கும் உத்தேசம் இல்லையென்றால் அக்ரிலிக்கோடு நில்லுங்கள்.

20 – 25 செ.மீ. தள்ளி, முதல் இரண்டு கோட் பனித்தூவல் போல, மூன்றாவது சற்று ஈரமாக, இடையில் பத்து நிமிடம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை எடுக்க வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும். காய்ந்ததும் கறுப்புக்குப் பதில் வெள்ளை பூத்த சாம்பல் நிறம்தான் மிஞ்சும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் இல்லை. அக்ரிலிக் என்றால் குறைந்தது ஒரு வாரம். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் பின்சீட் இதற்கு நல்ல அடுப்பு. போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு: பெசலை மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இரண்டு மணி நேரம் நல்ல வெயிலில் வையுங்கள். திறக்கும்போது பெயிண்ட் வாசம் வந்தாலோ, மூடியின் உட்பக்கம் விரலால் தேய்த்தால் வழுக்கும் படலம் இருந்தாலோ, இன்னும் காயவில்லை. அந்தப் படலம் லென்ஸில் படிந்தால் எதைக் கொண்டும் வெளியிலிருந்து துடைக்க முடியாது. 100/90 வாட் பல்பு போட்டவர்கள் முதலில் அதைக் கழற்றி 60/55-க்கு வாருங்கள். கறுப்பு நிறம் குரோமைவிட அதிகச் சூட்டை உறிஞ்சும். பெரிய பல்புக்கு மேலே உள்ள பகுதிதான் முதலில் கொப்பளிக்கும்.

கடைசியாகப் பசை. அதிகம் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான், ஆட்கள் மிச்சம் பிடிப்பதும் இதில்தான். பத்து மி.மீ. தடிமன் பியூட்டைல் கயிறு, ஏறத்தாழ நாலரை மீட்டர் ரோல், ஒரு ஜோடி விளக்குக்குச் சரியாக இருக்கும். கறுப்பாக, விரலில் ஒட்டினாலும் கறை விடாமல் உரிந்து வருவது நல்ல சரக்கு. கூரை ஒழுகலுக்கு விற்கும் அலுமினியம் ஃபாயில் ஒட்டிய பியூட்டைல் டேப் இதற்கு ஆகாது. பள்ளத்தை நிரப்பும் கனம் அதில் இல்லை. பழைய பசையை ஹீட் கன்னால் இளக்கி முழுதாக வழித்தெடுங்கள். தூசி படிந்த பழைய பசை மேல் புதியதை வைத்தால் நீர் கசிவது அந்த இடத்திலிருந்துதான். கயிற்றை இழுக்காமல் பதித்து, இரு முனைகளும் விளக்கின் அடிப்பக்கம் இரண்டு செ.மீ. மேலேறி அமரும்படி விடுங்கள். பிறகு சூடாக்கி, லென்ஸை அழுத்தி, ஸ்க்ரூக்களைப் போட்டு, கிளாம்ப் வைத்து ஆறவிடுங்கள்.

பாத்ரூம் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். வினிகர் வாசம் அடிக்கும் வகை, இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும். ரிஃப்ளெக்டரின் அலுமினியம் சில மாதத்தில் பழுப்பேறும். மறுபடி பிரிக்கவும் விடாது. உள்ளே உடைந்த கிளிப்பை ஃபெவிக்விக் வகைப் பசையால் ஒட்டுவதும் அப்படித்தான். அதன் ஆவி வெள்ளைப் பூச்சாக லென்ஸ் முழுக்கப் படியும். எபாக்ஸி போட்டு, வெளியே ஒரு நாள் காயவிட்டுப் பொருத்துங்கள்.

ஹெட்லைட் கிட் என்று ஆன்லைனில் ஒரே பெட்டியில் விற்பவற்றில் நெம்பும் பிளாஸ்டிக் கரண்டி மட்டும் உருப்படி. கூடவே வரும் பியூட்டைல் பெரும்பாலும் ஒரு விளக்குக்கே பற்றாது, சிலிகா ஜெல் பாக்கெட் வெறும் ஏமாற்று: ஈரத்தை உறிஞ்சி நிறைந்ததும், பல்பு சூட்டில் அதையே திருப்பி விடும். விளக்கின் பின்னால் இருக்கும் காற்றுத் துளையை அடைக்காமல் விட்டாலே போதும்.

பொருத்தும் முன் பல்பு துளைகளை மூடி, லென்ஸ் விளிம்பு முழுக்கப் பத்து நிமிடம் ஹோஸ் தண்ணீர் அடித்துப் பாருங்கள். காரில் மாட்டியதும் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிச் சமதளத்தில் நிறுத்தி, லோ பீமின் வெட்டுக்கோடு (வெளிச்சம் மேலே முடியும் கோடு) பல்பின் உயரத்துக்கு ஐந்து செ.மீ. கீழே விழுகிறதா, இடப்பக்கம் மட்டும் ஏறுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். முதல் முறை செய்பவர்கள் சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் பழைய சாமான் கடைகளில் லென்ஸ் மங்கிய ஒரு விளக்கை வாங்கி அதைப் பிரித்துப் பழகலாம். எந்தக் கார் மாடலாக இருந்தாலும் பரவாயில்லை, பியூட்டைல் ஒட்டியதாக இருக்க வேண்டும்.